குட்டி கேமராவும் குன்னூர் மூட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக ஸ்வெட்டர் பாக்கெட்டில் ஒரு காம்பாக்ட் கேமரா இல்லாமல் வெளியே போனதில்லை. இப்போது கையில் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் திருடுபோகவும் இல்லை, கீழே விழுந்து உடையவும் இல்லை. இரண்டையும் தின்றது ஈரம். அதனால் எதைப் பற்றிக் கேட்டாலும் என் பேச்சு சுற்றிச் சுற்றி ஈரத்துக்கே வந்து நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண வீட்டிலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் என்னை நிறுத்திக் கேட்ட கேள்விகள்தான் இவை.

கையில் நல்ல போன் இருக்கும்போது தனியாக ஒரு கேமரா எதற்கு?

பலருக்குத் தேவையில்லை, நிஜமாகவே. சாப்பாடு, குழந்தை, வீட்டு விசேஷம் இதற்கெல்லாம் போன் போதும். இன்றைய நல்ல போன்களில் இருக்கும் பிரதான சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, சாதாரண காம்பாக்ட் கேமராவில் இருப்பதைவிடப் பெரியது. போன் திணறுவது தூரத்தில். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு நூல் மாதிரி ஓடும், பக்கத்தில் தெங்குமரஹாடா கிராமம் தீப்பெட்டிகளை இறைத்துவிட்ட மாதிரி தெரியும். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் ஊரே கஞ்சியாகக் குழைந்துவிடும். முப்பது மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே நீண்டு பெரிதாக்குவது) உள்ள ஒரு குட்டிக் கேமராவில் வயல் வரப்பு வரை தெரியும்.

இன்னொன்று கை. ஜனவரி காலையில் கையுறை போட்டுக்கொண்டு டச் ஸ்கிரீனோடு மல்லுக்கட்டிப் பாருங்கள், பட்டன் வைத்த கேமராவின் அருமை தெரியும்.

எந்த மாதிரி வாங்குவது? மெகாபிக்சல் அதிகமாக இருந்தால் நல்லதா?

மெகாபிக்சலை விடுங்கள், சென்சார் அளவைப் பாருங்கள். பாக்கெட் ஜூம் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும். அது சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. விலை கூடினவற்றில் ஒரு அங்குல சென்சார் வரும்: 13.2 × 8.8 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவைச் சொல்லும் முறை அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது, யாரும் மாற்றவில்லை. எப்படியோ, பரப்பில் ஒரு அங்குல சென்சார் அந்தச் சின்னதைப்போல நான்கு மடங்கு. சோலைக்காட்டு இருட்டிலும் மாலை மூட்டத்திலும் அந்த நான்கு மடங்கு படத்தில் தெரியும்.

ஆனால் பெரிய சென்சார் என்றால் ஜூம் குறையும், அல்லது கேமரா தடிக்கும். பறவை, எதிர் மலை, காட்டெருமை என்றால் சின்ன சென்சாரும் நீண்ட ஜூமும். வீட்டு ஆட்கள், தெரு, மூட்டம் என்றால் ஒரு அங்குலம். இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பர்ஸ்தான் பதில் சொல்ல வேண்டும்.

லென்ஸ் நீளாமல் படத்தை வெறுமனே இழுத்துப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

பழைய டிஜிகேம் வாங்கலாமா? காலேஜ் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் தேடுகிறார்கள்.

வாங்கலாம். 2000களில் வந்த சிசிடி சென்சார் கேமராக்களின் நிறம் பிடித்துப்போய் என் சித்தி மகள் ஒன்று வாங்கினாள், ஃபிளாஷ் போட்டு எடுத்தால் பழைய ஆல்பம் மாதிரியே இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் சோதியுங்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் வேண்டாம். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுத்து, ஸ்கிரீனில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். ஒரே இடத்தில் மங்கலான புள்ளி எல்லாப் படத்திலும் வந்தால் சென்சாரில் தூசு. ஒவ்வொரு முறை லென்ஸ் நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது, தூசு அதோடுதான் போகிறது. பேட்டரியை மேசையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், பம்பரம் போலச் சுழன்றால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம், அதைத் தொடவே வேண்டாம். அப்புறம் போன் டார்ச்சை லென்ஸுக்குள் சரிவாக அடித்துப் பாருங்கள். எதற்கு என்பது அடுத்த கேள்வியில்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. துடைத்தாலும் போகவில்லை.

போகாது. அது உள்ளே இருக்கும் பூஞ்சை.

என் முதல் கேமரா போனது இப்படித்தான். அழகான தோல் பவுச் ஒன்று வாங்கி, அதற்குள் போட்டு, மர அலமாரியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் மழை பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அலமாரியில் செருப்பே பச்சை பிடித்துக் கிடந்தது. டிசம்பரில் எடுத்துப் பார்த்தால் படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி. டார்ச் அடித்தபோது கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள், வேர் விட்ட மாதிரி, மயிரைவிட மெல்லியவை, கிளை கிளையாகப் பிரிந்து நின்றன. தோல் பவுச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்குப் பந்தி போட்டிருக்கிறது.

காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். நம் வீடுகளில் மழைக்காலத்தில் அது 90ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். பெரிய கேமரா லென்ஸ் என்றால் பிரித்துச் சுத்தம் செய்வார்கள். காம்பாக்டில் லென்ஸ் உடம்போடு சேர்ந்தது, அதைப் பிரிக்கும் கூலிக்கு இன்னொரு பழைய கேமரா வாங்கிவிடலாம்.

வராமல் தடுப்பது சுலபம். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா ஒன்று, அதற்குள் நூறு கிராம் சிலிக்கா ஜெல், எலக்ட்ரானிக் கடையில் கிடைக்கும் குட்டி ஈரப்பத மீட்டர் ஒன்று. மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவே நின்றால் நல்லது. ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல நிறத்தில் வருவது இளஞ்சிவப்பாகும், ஆனால் அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்கு ஆகாது. நிறம் மாறியதும் 120 டிகிரியில் ஓவனில் இரண்டு மணி நேரம், ஓவன் இல்லையென்றால் சமையலுக்கு எடுக்காத பழைய இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுங்கள். பழைய நிறம் திரும்பிவிடும், மறுபடி டப்பாவில் போடலாம். நான் ஒரே ஜெல்லை ஐந்து வருடமாக வறுத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்துக்கு ஒரு தடவையாவது கேமராவை வெளியே எடுத்து வெயிலில் நாலு படம் எடுப்பது. பூட்டி வைத்த கேமராவில்தான் பூஞ்சை பிடிக்கும்.

ஜெல்லுக்குப் பதில் அரிசிக்குள் வைக்கலாமா?

வேண்டாம். அரிசி பெரிதாக ஈரத்தை இழுப்பதில்லை, அதன் மாவுத் தூசுதான் ஜூம் இடுக்கில் போய் உட்காரும்.

உறைபனி எடுக்க ஊட்டிக்குப் போனோம். இருபது படத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பேட்டரி கெட்டுவிட்டதா?

கெடவில்லை, குளிரில் விறைத்திருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் இங்கெல்லாம் விடியற்காலையில் புல் வெள்ளையாகிக் கிடக்கும்போது பாதரசம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். லித்தியம் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை அந்தக் குளிரில் மந்தமாகி வோல்டேஜ் சரியும், கேமரா அதைப் பார்த்து சார்ஜ் தீர்ந்தது என்று நினைத்து அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிச் சட்டைக்குள், உடம்புச் சூடு படுகிற மாதிரி, பத்து நிமிடம் வையுங்கள். உயிர் வந்துவிடும். இரண்டு பேட்டரி வைத்து ஒன்று கேமராவில், ஒன்று சட்டைப் பையில் என்று மாற்றி மாற்றிப் போட்டால் வெயில் வரும்வரை ஓட்டலாம்.

காம்பாக்டின் பேட்டரியே சின்னது, ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி பக்கம்தான். ஆகவே இரண்டாவது பேட்டரியை இங்கே ஆடம்பரம் என்று சொல்லவே முடியாது. ஏஏ பேட்டரி போடும் பழைய கேமரா என்றால் சாதாரண ஆல்கலைன் செல் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும், சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லே போடுங்கள்.

வெளியே நன்றாக இருந்த கேமரா, வீட்டுக்குள் வந்ததும் லென்ஸெல்லாம் தண்ணீர் பூத்துவிட்டதே?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்க்கிற மாதிரிதான். குளிர்ந்த கேமரா, அடுப்படியின் சூடும் ஆவியும் உள்ள காற்று. ஈரம் வந்து உட்காரும், லென்ஸுக்கு உள்பக்கமும் உட்காரும். என் இரண்டாவது கேமராவின் கதை இது. விடிகாலை உறைபனியைப் படம் எடுத்துவிட்டு வந்து, குளிர் தாங்காமல் நேரே அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, கேமராவைத் திறந்து படம் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க இதே பழக்கம். பிப்ரவரியில் பவர் பட்டன் வேலை செய்யவில்லை. உள்ளே துரு.

இப்போதெல்லாம் வெளியிலேயே, குளிரிலேயே கேமராவை டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறேன். வீட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம் திறப்பதில்லை. ஈரம் டப்பாவுக்கு வெளியே படியும், கேமரா மெதுவாகச் சூடேறும். படம் பார்க்க அவசரம் என்றால் டப்பாவில் போடும் முன்னால் கார்டை மட்டும் உருவிக்கொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கும்போதும் இதே கதைதான். குன்னூர் குளிரில் பையில் இருந்த கேமராவை, கீழே வெக்கையான பர்லியாறு பழக்கடை முன்னால் நின்று எடுத்தால் லென்ஸ் வெண்மையாகிவிடும். காத்திருங்கள், ஸ்வெட்டர் நுனியால் தேய்க்காதீர்கள்.

எவ்வளவு ஜிபி கார்டு போடலாம்?

கேமராவின் வயதைப் பொறுத்தது. 2010க்கு முந்தைய கேமரா என்றால் 32 ஜிபிதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; எஸ்டிஎச்சி என்று போட்ட கார்டு. அதைவிடப் பழையது, 2006க்கு முன்னால் வந்தது என்றால் 2 ஜிபிக்கு மேல் தெரியாமல் போகலாம். 64 ஜிபியும் அதற்கு மேலும் எஸ்டிஎக்ஸ்சி வகை, அதன் ஃபைல் அமைப்பே வேறு, பழைய கேமராவுக்குப் புரியாது. புதிய கேமராவில் 4கே வீடியோ எடுப்பதாக இருந்தால் வி30 குறி போட்ட கார்டு வாங்குங்கள், நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். படம் மட்டும் என்றால் கிளாஸ் 10 என்று போட்ட கார்டே தாராளம்.

போலி கார்டு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கடையில் பாதி விலைக்கு 64 ஜிபி கார்டு கிடைத்தது, நானும் பெருமையாக வாங்கினேன். அக்கா மகனுக்குக் காதுகுத்து. காலையில் எடுத்த படமெல்லாம் நன்றாக இருந்தது. மாமா மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியை எடுத்ததிலிருந்து பிள்ளை வாயைத் திறந்து அழுதது, சந்தனம் வழிந்தது, எங்கள் அப்பா கண்ணைத் துடைத்தது, எல்லாம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் ஃபைல் பெயர் இருக்கிறது, எண் வரிசையும் சரியாக இருக்கிறது, திறந்தால் பாதிப் படம், கீழே சாம்பல் பட்டை. அதற்கடுத்து எதுவுமே திறக்கவில்லை. உண்மையில் அது 8 ஜிபி கார்டு. 64 என்று பொய் சொல்லும்படி உள்ளே மாற்றியிருக்கிறார்கள், எட்டு நிரம்பியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகிறது. அக்கா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

புது கார்டு வாங்கினால் கம்ப்யூட்டரில் போட்டு, நிரம்பும்வரை வீடியோ ஃபைல்களை ஏற்றி, திரும்பப் பிரதி எடுத்து ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். அப்புறம் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். படம் அழிந்துபோய்விட்டது என்றால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காமல் உருவி வையுங்கள், மீட்கும் மென்பொருளுக்கு அப்போதுதான் வாய்ப்பு. கார்டு லாக் ஆகிவிட்டது என்று பதறுபவர்கள், கார்டின் ஓரத்தில் உள்ள குட்டிக் குமிழை மேலே தள்ளிப் பாருங்கள்.

வேறு என்ன சாமான் வாங்க வேண்டும்? கடையில் கிட் என்று ஒரு மூட்டையே தருகிறார்கள்.

காசு செலவழிக்கும் வரிசை என் கணக்கில் இப்படி: இரண்டாவது பேட்டரி, டப்பாவும் ஜெல்லும், நம்பிக்கையான இரண்டு சின்ன கார்டு, மணிக்கட்டு ஸ்ட்ராப், மைக்ரோஃபைபர் துணி. இதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். மூட்டையில் வரும் ஃபில்டர் பெரும்பாலான காம்பாக்டில் மாட்டவே இடமிருக்காது. கேபிளைத் தொலைக்காதீர்கள், இன்றைய போன் கேபிள் பழைய கேமராவின் மினி யுஎஸ்பி துளையில் பொருந்தாது.

டிரைபாட் சின்னதாக ஒன்று இருக்கலாம். பெரும்பாலான கேமராக்களின் அடியிலும் இருக்கும் திருகுத் துளை கால் அங்குலம்தான், எந்த டிரைபாடும் பொருந்தும். நான் அதிகம் பயன்படுத்துவது துணிப்பையில் போட்டுத் தைத்த அரைக் கிலோ துவரம்பருப்பு. கைப்பிடிச் சுவரில் வைத்து மேலே கேமராவை அழுத்தினால் ஆடாமல் நிற்கும். அருவியைப் பட்டு மாதிரி எடுக்க வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்வின் அளவு) குறைந்தபட்சத்தில் வைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கால் நொடியிலிருந்து ஒரு நொடிக்குள் வைத்து, கை ஆடாமல் இருக்க இரண்டு நொடி டைமரையும் போடுங்கள். மூட்டமான நாளில்தான் இது வரும், வெயிலில் வெளிச்சம் மிஞ்சிவிடும்.

மூட்டத்தில் எடுத்தால் எல்லாமே அழுக்குச் சாம்பலாக வருகிறது.

கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். வெள்ளை மூட்டத்தையும் அப்படியே இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தை +0.7 அல்லது +1க்கு ஏற்றுங்கள். ஃபிளாஷை அணையுங்கள், இல்லையென்றால் முன்னால் மிதக்கும் நீர்த்துளியெல்லாம் வெள்ளைப் பந்துகளாக வரும். ஃபோகஸ் பிடிக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தால், அதே தூரத்தில் கருப்பாக நிற்கும் ஒரு சில்வர் ஓக் அடிமரத்தின் விளிம்பில் வைத்துப் பட்டனை அரை அழுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு வேண்டிய பக்கம் திருப்புங்கள்.

மலை ரயிலில் எங்கே உட்கார்ந்தால் படம் நன்றாக வரும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் நீராவி எஞ்சின், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், ஆகவே முன் பெட்டியில் இருந்தால் வளைவுகளில் திரும்பிப் பார்த்தால் முழு ரயிலும் புகையும் ஒரே படத்தில் கிடைக்கும். மொத்தம் 16 சுரங்கம். இருட்டிலிருந்து வெளியே வரும் நொடியில் கேமரா திணறும், எக்ஸ்போஷரை வெளிச்சத்துக்கு முன்கூட்டியே பூட்டி வையுங்கள். கை, தலை வெளியே வேண்டாம்.

அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவப் பகுதி என்று படம் எடுக்கத் தடை போர்டு உள்ள இடங்கள் வரும். அங்கே கேமராவை மடியில் வையுங்கள்.

காட்டெருமை, பறவை எடுக்க?

தேயிலைத் தோட்டத்தில் மேயும் காட்டெருமை மாடு மாதிரி சாதுவாகத் தெரியும், நம்பாதீர்கள். ஜூம் இருப்பதே நீங்கள் நடந்து கிட்டே போகாமல் இருக்கத்தான். ஃபிளாஷ் மட்டுமல்ல, இருட்டில் ஃபோகஸுக்காக எரியும் ஆரஞ்சு விளக்கையும் கிளிக் சத்தத்தையும் மெனுவில் அணையுங்கள். முதுமலை வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. நீலகிரி ஈப்பிடிப்பான் போன்ற சோலைப் பறவைகள் இருட்டில்தான் உட்காரும். ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸ் வெளிச்சத்தைக் குறைவாக வாங்கும், படம் புள்ளி புள்ளியாகும். பாதி ஜூமில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல்.

குரங்கு: ஸ்ட்ராப் மணிக்கட்டில், தின்பண்டம் பைக்குள்.

பிரிண்ட் போட எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

4 × 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200 × 1800, அதாவது 22 லட்சம் பிக்சல் போதும். இருபது வருடப் பழைய கேமராவுக்கே அது உண்டு. போடுங்கள், போட்டு ஆல்பத்தில் வையுங்கள். ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த பிலிமில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன, ஓரம் மட்டும் பழுத்திருக்கிறது. அக்கா மகன் காதுகுத்தில் நான் எடுத்த படங்களுக்கு மூன்று வருடம்கூட ஆகவில்லை, அவை இப்போது இல்லை.

இரண்டு நாள் ஊட்டி வருகிறோம். கேமராவுக்காக என்ன எடுத்து வர வேண்டும்?

முதலில் வண்டிக்கு இ-பாஸ், 2024 மே முதல் அது இல்லாமல் சொந்த வண்டியில் வர முடியாது. மழைக்காக பிளாஸ்டிக் கவர் கொண்டுவராதீர்கள், நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். மூடியுள்ள சாப்பாட்டு டப்பா கொண்டு வாருங்கள். கேமராவின் தேதி, நேரத்தைச் சரிபாருங்கள். கார்டைக் காலி செய்யுங்கள். அப்புறம் சார்ஜர். வருடம் தவறாமல் யாராவது ஒரு சொந்தக்காரர் சார்ஜரைக் கோயம்புத்தூரில் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்து, உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது, ஆனால் உங்கள் பேட்டரிக்குப் பொருந்தாது.